கடைப் பையனிடம் வண்டிச் சாவியைக் கொடுக்கும் முன்...

தராசையும் எடைக்கற்களையும் உரிய காலத்தில் முத்திரையிட நாம் தவறுவதில்லை. உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு கல்லாவுக்கு மேலே மாட்டி வைக்கிறோம். வரிக் கணக்கைத் தேதி தவறாமல் தாக்கல் செய்கிறோம். ஆனால் கடை வாசலில் நிற்கும் இருசக்கர வண்டியின் இன்ஷூரன்ஸ் எந்தத் தேதியில் முடிகிறது என்று கேட்டால், நம்மில் பலர் உடனே பதில் சொல்ல முடியாது. அந்த வண்டியை நேற்று ஓட்டிச் சென்ற பையனின் லைசென்ஸைக் கண்ணால் பார்த்தோமா என்று கேட்டால், பதில் சொல்பவர் இன்னும் குறைவாகவே இருப்பார்கள்.

நாவலூர் வட்டார வணிகர்களுக்கு இந்தக் கேள்வி மிகவும் அவசியமானது. பழைய மாமல்லபுரம் சாலைக்கு 2008ஆம் ஆண்டில் ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் சூட்டப்பட்டது. சிறுசேரி சிப்காட் வளர்ந்தது. ஏகாட்டூர், தாழம்பூர், படூர் என்று அடுக்குமாடிகள் எழுந்தன. வாடிக்கையாளர் கடைக்கு வந்த காலம் போய், சரக்கு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகும் காலம் வந்துவிட்டது. பத்தாவது மாடியிலிருந்து போன் வரும்: "அண்ணாச்சி, அஞ்சு கிலோ அரிசி, ஒரு லிட்டர் எண்ணெய், கொஞ்சம் சீக்கிரம்." உடனே ஒரு பையனிடம் சாவியைக் கொடுத்து அனுப்புகிறோம். அவன் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருக்கும்.

சாலையோ முன்போல் இல்லை. 2023 அக்டோபரில் நாவலூர் சுங்கச்சாவடியில் கட்டணம் வசூலிப்பது நிறுத்தப்பட்டது. அது நமக்கு நிம்மதிதான். ஆனால் மெட்ரோ ரயில் வேலையால் பாதைகள் குறுகின. திரும்பும் இடங்கள் மாறின. அடுத்த திருப்பம் தூரம் என்று எதிர்த்திசையில் வண்டியை விடும் பழக்கமும் பெருகிவிட்டது. புதிதாக வண்டி ஓட்டும் ஒருவர் பழகுவதற்கு ஏற்ற சாலை இதுவல்ல.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். வண்டி ஓட்டுபவர் தவறு செய்தால் அபராதம் ஆயிரங்களில் முடியும். ஆனால் தாள்கள் சரியில்லாத நிலையில் விபத்து நேர்ந்தால், நஷ்டஈடு இலட்சங்களில் வந்து நிற்கும். அது வண்டியின் சொந்தக்காரர் தலையில், அதாவது கடை முதலாளி தலையில் விழும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுமைகூலிக்குக் கடையையே விற்க வேண்டி வரலாம்.

வண்டிக்கு வேண்டிய தாள்கள்

மோட்டார் வாகனச் சட்டம் 1988ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 1989 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. 2019ஆம் ஆண்டில் அது பெரிய அளவில் திருத்தப்பட்டது. அதன்படி எந்த வண்டிக்கும் நான்கு தாள்கள் அவசியம்: ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்று, ஓட்டுபவரின் லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் சான்று, புகைப் பரிசோதனைச் சான்று.

சரக்கு வண்டியாக இருந்தால் எப்.சி. எனப்படும் தகுதிச் சான்றும் வேண்டும். வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இது இரண்டாண்டுக்கு ஒரு முறை, அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறை. பெர்மிட் எல்லாச் சரக்கு வண்டிக்கும் தேவை என்று பலர் நினைக்கிறார்கள். சரக்கோடு சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை என்று சட்டத்தின் 66ஆவது பிரிவே விலக்கு அளிக்கிறது. நம் கடைகளில் ஓடும் 'குட்டி யானை' வகை வண்டிகள் இந்த விலக்கில் அடங்கும். அதைவிடப் பெரிய வண்டி வைத்திருப்பவர்கள் பெர்மிட் இல்லாமல் சாலையில் இறக்கக் கூடாது.

அசல் தாள்களை வண்டியிலேயே வைத்து மழையில் நனைய விட வேண்டியதில்லை. மத்திய அரசின் டிஜிலாக்கர், எம்-பரிவாகன் ஆகிய செயலிகளில் உள்ள ஆவணங்களைக் காட்டினாலும் போலீசார் ஏற்க வேண்டும் என்று விதி திருத்தப்பட்டுள்ளது. செல்போனில் வெறுமனே போட்டோ எடுத்து வைத்திருப்பது வேறு, இந்தச் செயலிகளில் இருப்பது வேறு. போட்டோ செல்லாது.

இன்னொன்று. செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பரில்தான் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது. பலருடைய ஆர்.சி.யில் பழைய முகவரியும், என்றோ விட்டுவிட்ட செல்போன் எண்ணும் இருக்கின்றன. இப்போது அபராதச் சீட்டு செல்போனுக்குத்தான் வருகிறது. எண் தவறாக இருந்தால் அபராதம் ஏறிக்கொண்டே போகும், எப்.சி.க்கோ பெயர் மாற்றத்துக்கோ போகும் நாளில்தான் மொத்தமும் தெரியும். வீடு மாறினால் 30 நாட்களுக்குள் முகவரியை மாற்றியாக வேண்டும் என்பதும் சட்டம்.

லைசென்ஸ்: எதைப் பார்க்க வேண்டும்?

"லைசென்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டு, "இருக்கு அண்ணாச்சி" என்ற பதிலோடு விட்டுவிடுவது நம் வழக்கம். அது போதாது. அட்டையை வாங்கி மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, தேதி. தனியார் வண்டி லைசென்ஸ் முப்பது வயதுக்குள் எடுத்தால் நாற்பது வயது வரை செல்லும். முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் எடுத்தால் பத்தாண்டு. சரக்கு வண்டி உள்ளிட்ட போக்குவரத்து வண்டி லைசென்ஸ் ஐந்தாண்டு. காலாவதிக்கு ஓராண்டு முன்பே புதுப்பிக்க விண்ணப்பம் தரலாம். ஆகையால் சலுகை நாட்களை எண்ணிக்கொண்டு இருக்க வேண்டாம். காலாவதியாகி ஓராண்டு கடந்துவிட்டால் மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டி வரும்.

இரண்டாவது, வகை. கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு மட்டும் லைசென்ஸ் எடுத்தவரிடம் கியர் வண்டியைக் கொடுத்தால், அது லைசென்ஸ் இல்லாதவரிடம் கொடுத்ததற்குச் சமம். மோட்டார் சைக்கிள் லைசென்ஸை வைத்துக்கொண்டு வேனை ஓட்ட முடியாது.

குட்டி யானை ஓட்டுவதற்குத் தனியாகப் போக்குவரத்து வண்டி லைசென்ஸ் வேண்டுமா என்ற குழப்பம் பல ஆண்டுகள் இருந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இதைக் காட்டியே பணம் தர மறுத்தன. 2017ஆம் ஆண்டில் முகுந்த் தேவாங்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம், இலகுரக வாகன லைசென்ஸே போதும் என்றது. 2024 நவம்பர் 6 அன்று ரம்பா தேவி வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதை உறுதி செய்தது. அதாவது, மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை, எல்.எம்.வி. எனப்படும் இலகுரக வாகன லைசென்ஸ் உள்ளவர் ஓட்டலாம். சிறு வணிகர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆயினும் 4ஆவது பிரிவின்படி, 20 வயது நிரம்பாதவர் போக்குவரத்து வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது. பதினெட்டு வயதில் கார் லைசென்ஸ் வாங்கிய பையனிடம் சரக்கு வண்டியைக் கொடுக்க வேண்டாம்.

மூன்றாவது, எல்.எல்.ஆர். என்னும் பழகுநர் உரிமம். இது ஆறு மாதம் செல்லும். எடுத்து 30 நாள் கழிந்த பிறகே நிரந்தர லைசென்ஸுக்குச் சோதனை. எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் கார் அல்லது வேன் ஓட்டும்போது, லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் இருந்து கற்றுக்கொடுக்க வேண்டும். வண்டியின் முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' அடையாளம் இருக்க வேண்டும். எல்.எல்.ஆர். என்பது கற்பதற்குத் தந்த அனுமதி. அதை நம்பிச் சரக்குக் கொடுக்க அனுப்புவது முறையல்ல.

இந்த மூன்றையும் பார்த்தபின் அட்டையை நகல் எடுத்து, பையன் கையெழுத்துடன் கடைக் கோப்பில் வையுங்கள். பரிவாகன் தளத்தில் லைசென்ஸ் எண்ணைப் போட்டு உண்மைதானா என்றும் பார்த்துவிடலாம். ஐந்து நிமிட வேலை இது. இதன் பயன் பின்னால் தெரியும். லைசென்ஸ் போலி என்று விபத்துக்குப் பிறகு தெரிய வந்தாலும், உரிமையாளர் லைசென்ஸை வாங்கிப் பார்த்து, ஓட்டும் திறமையையும் சோதித்து நம்பிக்கையுடன் வேலைக்கு வைத்திருந்தால், அவர் மீது பழி சுமத்த முடியாது என்று 2003ஆம் ஆண்டில் லேரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. அப்படிப் பார்த்ததற்கு அந்த நகல்தான் சாட்சி.

பதினெட்டு நிரம்பாதவர்கள்

பள்ளி விடுமுறையில் மகன் கடையில் உதவிக்கு நிற்பான். "பக்கத்துத் தெருதானே" என்று வண்டியைக் கொடுத்துவிடுவோம். 2019 திருத்தத்தில் சேர்ந்த 199-ஏ பிரிவைப் படித்தவர் யாரும் இனி அப்படிக் கொடுக்க மாட்டார். பதினெட்டு நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோரோ வண்டி உரிமையாளரோதான் குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்றாண்டு வரை சிறை, ரூ. 25,000 அபராதம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்தாகும். அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. தனக்குத் தெரியாமல் எடுத்துச் சென்றான் என்றோ, தடுக்க உரிய முயற்சி எடுத்தேன் என்றோ நிரூபித்தால்தான் தப்ப முடியும். சாவியை ஆணியில் மாட்டி வைத்துவிட்டு அப்படி நிரூபிப்பது எளிதல்ல.

பதினாறு வயதில் ஓட்டலாம் என்ற விதி உண்டே என்பார்கள். அது 50 சி.சி.க்கு மேற்படாத கியர் இல்லாத வண்டிக்கு, அதற்குரிய லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு. கடைகளில் ஓடும் 100, 125 சி.சி. ஸ்கூட்டர்களுக்கு அது பொருந்தாது.

இன்ஷூரன்ஸ்: எது நம்மைக் காக்கும், எது காக்காது?

சட்டத்தின் 146ஆவது பிரிவு கட்டாயமாக்குவது மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டுமே. நம் வண்டியால் பிறருக்கு நேரும் உயிரிழப்பு, காயம், பொருள் சேதம் ஆகியவற்றுக்கு அது பணம் கொடுக்கும். நம் வண்டி நசுங்கினாலோ திருடு போனாலோ அதிலிருந்து ஒரு காசும் வராது. அதற்குக் காம்பிரிஹென்சிவ் எனப்படும் முழு பாலிசி வேண்டும்.

புதிய வண்டிகளுக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸை மொத்தமாக எடுக்க வேண்டும் என்ற விதி 2018 செப்டம்பர் 1 முதல் வந்தது. இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டு, காருக்கு மூன்றாண்டு. இதன் பின்னால் ஒரு தமிழர் இருக்கிறார். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளைக் குறைக்கக் கோரி உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில்தான் நீதிமன்றம் 2018 ஜூலையில் இந்த ஆணையைப் பிறப்பித்தது. முதலாண்டு பிரீமியம் கட்டிவிட்டு அதன்பின் மறந்துவிடுவோர் ஏராளம் என்பதே காரணம்.

இங்கே ஒரு மயக்கம் உண்டு. "ஐந்தாண்டு இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறேன்" என்று சொல்பவருக்கு, பெரும்பாலும் மூன்றாம் நபர் பகுதிதான் ஐந்தாண்டு. வண்டிச் சேதப் பகுதி ஓராண்டிலேயே முடிந்திருக்கும். பாலிசித் தாளில் இரண்டு தேதிகளும் தனித்தனியே அச்சாகியிருக்கும். இரண்டையும் பாருங்கள்.

பிரீமியம் எவ்வளவு? 2022 ஜூன் 1 முதல் வந்த கட்டணப்படி, 75 முதல் 150 சி.சி. வரையுள்ள இருசக்கர வண்டிக்கு மூன்றாம் நபர் பிரீமியம் ஆண்டுக்கு ரூ. 714, வரி தனி. 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டிக்கு ரூ. 16,049. சரக்கு வண்டித் தொகை கொஞ்சம் கடிக்கும்தான். ஆனால் இந்தத் தொகை எதிலிருந்து நம்மைக் காக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மாதம் ரூ. 15,000 சம்பாதிக்கும் 32 வயது மனிதர் ஒருவர் நம் வண்டி மோதி இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நால்வர் அவரை நம்பி இருக்கிறார்கள். சரளா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) ஆகிய வழக்குகளில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி கணக்கு இப்படிப் போகும்:

மாத வருமானம் ரூ. 15,000
எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்ட ரூ. 21,000
அவரது சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழிக்க ரூ. 15,750
ஆண்டுக்கு ரூ. 1,89,000
வயதுக்குரிய பெருக்கல் எண் 16
ஆக மொத்தம் ரூ. 30,24,000

இதற்கு மேல் இறுதிச் சடங்குச் செலவு, குடும்பத்தினருக்கான தொகை, வட்டி ஆகியவை சேரும். இன்ஷூரன்ஸ் சரியாக இருந்தால் இதைக் கம்பெனி கட்டும். இல்லாவிட்டால் ஓட்டிய பையனும் வண்டி உரிமையாளரும் கட்ட வேண்டும். பையனிடம் ஏது முப்பது இலட்சம்? வீடு, கடை, வங்கிக் கணக்கு எல்லாம் இருப்பது முதலாளியிடம்தான். ஓராண்டு ரூ. 714 கட்ட மறந்ததற்கு விலை இது.

இன்ஷூரன்ஸ் இருந்து, லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியிருந்தால் என்ன ஆகும்? 2004ஆம் ஆண்டில் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி சொன்னது. பாதிக்கப்பட்ட குடும்பம் தவிக்கக் கூடாது. ஆகவே கம்பெனி முதலில் பணத்தைக் கொடுக்கும். ஆனால் உரிமையாளர் தெரிந்தோ கவனக்குறைவாலோ லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தது நிரூபணமானால், கொடுத்த பணத்தை அவரிடமிருந்து கம்பெனி வசூலித்துக்கொள்ளலாம். பிரீமியம் கட்டியும் பாதுகாப்பு இல்லை என்ற நிலை இது. முன்னே சொன்ன லைசென்ஸ் நகல் எவ்வளவு பெறுமானம் உள்ளது என்பது இப்போது விளங்கும்.

வண்டியில் ஏறும் ஆட்கள்

நம் வியாபாரத்துக்கே உரிய சில சிக்கல்கள் உண்டு.

கோயம்பேட்டில் கொள்முதல் செய்த சரக்குடன் நாமே சரக்கு வண்டியில் வருகிறோம். விபத்து நடந்தால் நமக்கு இன்ஷூரன்ஸ் உண்டா? உண்டு. 1994ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு, சரக்கு வண்டியில் சரக்கோடு வரும் சரக்கின் சொந்தக்காரரும் அவரது பிரதிநிதியும் கட்டாயப் பாதுகாப்பில் சேர்க்கப்பட்டனர். ஆனால் அதே வண்டியில் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு கல்யாணத்துக்கோ, திருப்போரூர் முருகன் கோயிலுக்கோ போனால் கதை வேறு. சரக்கு வண்டியில் சும்மா ஏறிவரும் பயணிகளுக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அந்த நஷ்டஈடு வண்டிக்காரர் கையிலிருந்துதான் போகும்.

இருசக்கர வண்டியின் பின்னால் உட்கார்ந்து வருபவருக்கும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் பாதுகாப்பு இல்லை. 2006ஆம் ஆண்டு திலக் சிங் வழக்கின் தீர்ப்பு அப்படி. முழு பாலிசி எடுத்தால் பின்னால் இருப்பவரும் அதில் அடங்குவார்.

'உரிமையாளர்-ஓட்டுநர்' தனிநபர் விபத்துப் பாதுகாப்பு என்று ரூ. 15 இலட்சத்துக்கு ஒரு பகுதி உண்டு. அது பதிவுச் சான்றில் பெயர் உள்ள உரிமையாளர், செல்லத்தக்க லைசென்ஸுடன் ஓட்டும்போது அவருக்கு மட்டும். கடைப் பையன் ஓட்டி அடிபட்டால் அது அவனுக்குக் கிடைக்காது. ஊழியருக்கான பாதுகாப்பைத் தனிப் பிரீமியம் கட்டிச் சேர்க்க முடியும், தொகை சிறியதுதான். அடுத்த முறை முகவர் வரும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். ஊரை விட்டு வந்து நம்மை நம்பி வேலை செய்யும் பையன் அவன்.

சொந்தக் காரிலும் ஆம்னி வேனிலும் மூட்டை ஏற்றி வருவோர் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்ற பகுதியைப் படிக்க வேண்டும். தனியார் வண்டி பாலிசிகளில், வாடகைக்கு ஓட்டுவதும், மாதிரிப் பொருளும் சொந்தப் பெட்டி படுக்கையும் தவிர்த்த சரக்குகளை ஏற்றுவதும் விலக்கப்பட்டிருப்பது வழக்கம். கடைச் சரக்குக் கொண்டுபோகத்தான் இந்த வண்டி என்பதைப் பாலிசி எடுக்கும்போதே எழுத்தில் சொல்லி, அதற்கேற்ற பாலிசி வாங்குவது உத்தமம். பிரீமியத்தில் சில நூறு மிச்சம் பிடிக்கப் போய், கேட்பு மனு தள்ளுபடியானால் யாரிடம் போய் நிற்பது?

பிரீமியத்தைக் காசோலையாகக் கொடுப்பவர்கள் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரீமியம் கைக்கு வராமல் பொறுப்பேற்கக் கூடாது என்பது 1938ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 64-விபி பிரிவு. காசோலை திரும்பினால் கம்பெனி பாலிசியை ரத்து செய்துவிடலாம். போலிப் பாலிசி விற்பவர்களும் இருக்கிறார்கள். பாலிசி வாங்கிய சில நாட்களில் எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, புதிய தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

விற்ற வண்டி திரும்பி வரும்

பழைய வண்டியைத் தெரிந்தவருக்கு விற்று, படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "பெயர் மாற்றிக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிடுகிறோம். அவர் மாற்றாமலே இன்னொருவருக்கு விற்கிறார். சில ஆண்டுகள் கழித்து நீதிமன்ற அழைப்பாணை நம் கடைக்கு வருகிறது.

2018 பிப்ரவரியில் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் தீர்த்து வைத்தது. கைமாறிக் கைமாறிப் போன ஒரு கார் விபத்தில் சிக்கியது. பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், நஷ்டஈடு அவரையே சாரும் என்று நீதிமன்றம் கூறியது. ஆகவே வண்டியை விற்றால், மாநிலத்துக்குள் என்றால் 14 நாட்களுக்குள் நாமே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆர்.சி. பெயர் மாறியதைக் கண்ணால் பார்க்கும்வரை பாக்கித் தொகையில் கொஞ்சத்தை நிறுத்தி வைப்பது வியாபாரிக்குத் தெரியாத வித்தையல்ல. பழைய வண்டி வாங்குவோர் இன்ஷூரன்ஸையும் தம் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் கம்பெனிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

அபராதப் பட்டியல்

2019 திருத்தம் அபராதங்களைப் பலமடங்கு உயர்த்தியது. தமிழ்நாட்டில் உயர்ந்த அபராதங்கள் 2022 அக்டோபர் முதல் வசூலிக்கப்படுகின்றன. அந்தத் திருத்தப்படி முக்கியமானவை:

லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் ரூ. 5,000. லைசென்ஸ் இல்லாதவரை ஓட்ட அனுமதித்த உரிமையாளருக்கும் ரூ. 5,000. இரண்டுக்கும் மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம்.

இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் முறை ரூ. 2,000, மறுமுறை ரூ. 4,000.

குடித்துவிட்டு ஓட்டினால் முதல் முறை ரூ. 10,000 அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை ரூ. 15,000, இரண்டாண்டு வரை சிறை.

ஹெல்மெட் இல்லாவிட்டால் ரூ. 1,000. ஒரே வண்டியில் மூவர் சென்றால் ரூ. 1,000. இவ்விரண்டுக்கும் லைசென்ஸை மூன்று மாதம் முடக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

கையில் செல்போனைப் பிடித்தபடி ஓட்டுவது, சிவப்பு விளக்கைத் தாண்டுவது, எதிர்த்திசையில் ஓட்டுவது ஆகியவை ஆபத்தான ஓட்டுதல் என்ற 184ஆவது பிரிவில் வருகின்றன. முதல் முறை ரூ. 1,000 முதல் ரூ. 5,000 வரை.

அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் ரூ. 20,000, கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் ரூ. 2,000. அதிகப் பாரத்தை இறக்கி வைத்த பிறகே வண்டி நகரலாம். 750 கிலோ ஏற்றும் வண்டியில் 25 கிலோ அரிசி மூட்டை முப்பது ஏற்றலாம். "இன்னும் பத்து மூட்டைதானே" என்று ஏற்றினால், மிச்சமாகும் ஒரு நடைக் கூலியைப் போல் பலமடங்கு அபராதமாகப் போய்விடும்.

அபராதத்தை முதலாளி கட்டுவதா, பையன் சம்பளத்தில் பிடிப்பதா என்று சச்சரவு எழுவதுண்டு. தாள்களும் பாரமும் முதலாளி பொறுப்பு; ஹெல்மெட்டும் செல்போனும் ஓட்டுபவர் பொறுப்பு. வேலைக்குச் சேர்க்கும் நாளிலேயே இதைப் பேசி முடித்துவிட்டால் பின்னால் மனத்தாங்கல் வராது. "பத்து நிமிஷத்தில் கொடுத்துவிட்டு வா" என்று விரட்டாமல் இருப்பதும் நம் பொறுப்பே.

விபத்து நேர்ந்துவிட்டால்

பையனுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுங்கள்: வண்டியை விட்டுவிட்டு ஓடக் கூடாது. 134ஆவது பிரிவின்படி, கூட்டத்தின் ஆத்திரம் போன்ற தவிர்க்க முடியாத காரணம் இருந்தாலன்றி, காயம்பட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க வழி செய்வது ஓட்டுநரின் கடமை. 108க்குப் போன் செய்ய வேண்டும். போலீஸ் நிலையத்தில் கூடிய விரைவில், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள், தகவல் தர வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஓட்டுநரை மாற்றிச் சொல்வது, தேதியை மாற்றுவது போன்ற யோசனைகளை அக்கம்பக்கத்தில் சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். ஒரு பொய் தெரிந்தால் முழுப் பாதுகாப்பும் போய்விடும்; தனிக் குற்ற வழக்கும் சேரும்.

சிகிச்சைச் செலவை நினைத்து யாரும் தயங்க வேண்டியதில்லை. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் நம் மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்டது. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2025 மே மாதம் முதல் மத்திய அரசின் திட்டமும் உள்ளது. ஏழு நாட்கள் வரை ரூ. 1.5 இலட்சத்துக்குட்பட்ட சிகிச்சை. அடிபட்டவரைத் தூக்கிச் செல்லும் பொதுமக்களைப் போலீசார் சாட்சியாக வரும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று 134-ஏ பிரிவு பாதுகாக்கிறது. நம் கடை வாசலில் யார் விழுந்தாலும் அஞ்சாமல் உதவலாம்.

நஷ்டஈட்டு மனு, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் போடப்பட வேண்டும். நம் பகுதிக்குச் செங்கல்பட்டு நீதிமன்றம். அங்கிருந்து நோட்டீஸ் வந்தால், "கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்று இருந்துவிடாமல், வழக்கறிஞர் மூலம் ஆஜராகி லைசென்ஸ் நகலையும் பாலிசியையும் தாக்கல் செய்ய வேண்டும். நாம் போகாவிட்டால், லைசென்ஸ் இல்லை என்று கம்பெனி சொல்வதை மறுக்க ஆளிருக்காது.

நஷ்டஈடு வேறு, குற்ற வழக்கு வேறு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கவனக்குறைவால் உயிரிழப்பு ஏற்படுத்தியதற்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. எந்தப் பாலிசியும் ஒருவருக்குப் பதிலாகச் சிறைக்குப் போகாது.

செய்ய வேண்டியது

கொள்முதல் பேரேட்டைப் போல வண்டிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வண்டி எண், இன்ஷூரன்ஸின் இரண்டு முடிவுத் தேதிகள், புகைச் சான்றுத் தேதி, சரக்கு வண்டி என்றால் எப்.சி. தேதி, ஓட்டும் ஒவ்வொருவரின் லைசென்ஸ் எண், வகை, முடிவுத் தேதி ஆகியவற்றை எழுதுங்கள். ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று கணக்குப் பார்க்கும்போது அந்தப் பக்கத்தையும் ஒரு முறை பாருங்கள். பாலிசி முடிய முப்பது நாள் இருக்கும்போதே புதுப்பித்துவிடுங்கள். புதிய பையன் வந்தால் முதல் வாரம் நீங்களோ, அனுபவமுள்ள ஊழியரோ பின்னால் உட்கார்ந்து அவன் ஓட்டுவதைப் பாருங்கள். சாவியை ஆணியில் மாட்டாமல் கல்லாவில் வையுங்கள்.

கடன் கேட்டு வருபவரிடம் ஆயிரம் ரூபாய்ச் சரக்கைக் கொடுக்கும் முன் நாணயத்தை விசாரிக்கிறோம். முப்பது இலட்ச ரூபாய்ப் பொறுப்பைச் சுமந்து நிற்கும் சாவியைக் கொடுக்கும் முன் ஒரு அட்டையை வாங்கிப் பார்க்க ஒரு நிமிடம் ஒதுக்கலாம் அல்லவா? இன்றிரவு கடையை அடைக்கும் முன் வண்டியின் பாலிசியை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.